குறைத்துக் கொடுங்கள், கூட்டிக்கொள்ளலாம்: சர்வரில் டிஸ்க் பிரிப்பது பற்றி

புது சர்வர் வந்து இறங்கியதும் எல்லாரும் முதலில் கேட்பது ப்ராசசர் என்ன, ராம் எவ்வளவு என்றுதான். ராம் போதவில்லை என்றால் அடுத்த மாதம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்கை எப்படிப் பிரித்தோம் என்பது அப்படி இல்லை. அந்த சர்வரை ஓரங்கட்டும் நாள்வரை அது கூடவே வரும். இன்ஸ்டாலர் "முழு டிஸ்கையும் எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்கிறது, நாமும் என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு தட்டில் ஏழெட்டு முடிவுகள் எடுத்தாகிவிட்டது. அவற்றில் சிலவற்றை சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். மற்றதை மாற்ற வேண்டுமானால் டேட்டா முழுவதையும் வேறிடத்துக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் அழித்து, மறுபடி கட்ட வேண்டும்.

டிஸ்க் வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருத்த முடியாததை நிதானமாக யோசித்து முதலிலேயே சரியாகச் செய்ய வேண்டும். திருத்தக்கூடியதைச் சின்னதாக ஆரம்பித்தால் போதும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயன் இல்லை. ஒரு சின்ன அலுவலகத்துக்கு டெபியன் லினக்ஸ் சர்வர் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓட வேண்டும், ஊழியர்களின் மெயில் இருக்க வேண்டும், எல்லாரும் திறந்து எழுதும் ஆபீஸ் ஃபைல்களும் அதிலேயே.

பார்ட்டிஷன் போடும் முன்

எல்எஸ்பிஎல்கே கமாண்டை அடித்துப் பார்த்தால் நான்கு டெராபைட் டிஸ்க் 3.6 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், அந்த கமாண்ட் 1024ஆல் வகுக்கிறது. திட்டம் போடும்போது 3.6 என்பதையே கணக்கில் வையுங்கள்.

அடுத்து பார்ட்டிஷன் டேபிள். பழைய எம்பிஆர் முறை செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. செக்டாருக்கு 512 பைட் என்றால் 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எட்டாது. நம் டிஸ்கில் பாதி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். எனவே ஜிபிடிதான்.

செக்டார் அளவையும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டில் பார்த்துவிடுங்கள். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் வெளியே 512 பைட் என்று சொல்லிக்கொண்டு உள்ளே 4096 பைட்டாக எழுதுகின்றன. பார்ட்டிஷன் இந்த 4096 எல்லையில் தொடங்காவிட்டால், ஒரு பிளாக்கை எழுத டிஸ்க் இரண்டு செக்டாரைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். முன்பு பார்ட்டிஷன்கள் 63ஆம் செக்டாரில் தொடங்கின, அது இந்த எல்லையில் விழாது. இப்போதைய கருவிகள் 2048ஆம் செக்டாரில், அதாவது சரியாக ஒரு மெகாபைட்டில் தொடங்குகின்றன. பழைய ஸ்கிரிப்டை வைத்து பார்ட்டிஷன் போடுபவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

டிஸ்கின் கடைசியில் ஒரு ஜிபி அளவுக்கு எதற்கும் கொடுக்காமல் விடுங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு டிஸ்க் போய், வேறு கம்பெனியின் நான்கு டெராபைட் டிஸ்க் வாங்கி வருகிறோம், அது துளி சின்னதாக இருக்கிறது என்றால், இரண்டு டிஸ்கையும் ஜோடியாக வைத்திருக்கும் ரெய்டு அதைச் சேர்த்துக்கொள்ளாது. கடைசியில் விட்ட அந்த ஒரு ஜிபி அன்றைக்குக் கைகொடுக்கும்.

இரண்டு டிஸ்க், ஒரே பிரதி

பெர்க்லியில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்கைவிட நம்பகமாக ஓட்ட முடியும் என்பது அவர்கள் வாதம். நம்மிடம் இரண்டு டிஸ்க் இருப்பதால் ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும் மிரர். லினக்ஸில் எம்டிஆட்ம் அதைச் செய்கிறது.

நான்கு டிஸ்க் இருந்தால் ரெய்டு 5 போடத் தோன்றும், ஒரு டிஸ்க் இடம்தானே வீணாகிறது என்று. ஆனால் ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை, 12 டெராபைட், பிழையில்லாமல் படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதமோ சுமார் 12.5 டெராபைட் படிப்பதற்குள் படிக்க முடியாத செக்டார் ஒன்று வரலாம் என்பது. நிஜத்தில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5இன் ஒற்றைப் பாரிட்டியை நம்பி டேட்டாவை வைக்க எனக்கு மனம் வராது. நான்கு என்றால் இரண்டு மிரர் ஜோடி, இல்லாவிட்டால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6.

மிரரில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. யூஈஎஃப்ஐ சர்வர்களில் பூட் ஆகத் தேவையான சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மதர்போர்டே நேரடியாகப் படிக்கிறது. லினக்ஸின் ரெய்டு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. டெபியன் இன்ஸ்டாலர் அதை முதல் டிஸ்கில் மட்டும் வைத்துவிட்டுப் போகும். டேட்டா இரண்டிலும் பத்திரமாக இருக்கும், ஆனால் முதல் டிஸ்க் போன அன்று சர்வர் எழுந்திருக்காது. எனவே இரண்டாவது டிஸ்கிலும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, பூட்லோடரை அதிலும் நிறுவி, பூட் வரிசையில் அதையும் சேர்க்க வேண்டும்.

ரெய்டு பேக்கப் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழிகிறது. ரெய்டு டிஸ்க் கெட்டுப்போவதற்கு மட்டும்தான் மருந்து. பேக்கப் இன்னொரு மெஷினில் இருக்க வேண்டும்.

இலையில் எவ்வளவு வைப்பது

மிரர் மேல் நேராக ஃபைல் சிஸ்டம் போடாதீர்கள். இடையில் எல்விஎம் வையுங்கள். அது மொத்த இடத்தையும் ஒரு குழுமமாக எடுத்துக்கொண்டு, கேட்கிற அளவுக்கு வால்யூம்களாக வெட்டித் தரும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வால்யூமைப் பெரிதாக்கலாம். எல்விஎக்ஸ்டெண்ட் கமாண்டுக்கு -ஆர் என்று சேர்த்துக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். ஊழியர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

குறைப்பதுதான் சிக்கல். இஎக்ஸ்டி4ஐக் குறைக்க முதலில் அன்மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது வேலையை நிறுத்த வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் குறைக்கவே முடியாது. பந்தியில் பரிமாறுவது மாதிரிதான். கேட்டால் இன்னொரு கரண்டி வைக்கலாம், இலையில் வைத்த சோற்றைத் திரும்ப எடுக்க முடியாது.

நம் சர்வருக்கு நான் இப்படி ஆரம்பிப்பேன்:

- ரூட்: 30 ஜிபி, இஎக்ஸ்டி4
- ஸ்வாப்: 8 ஜிபி
- /வார்: 20 ஜிபி, இஎக்ஸ்டி4
- /வார்/லாக்: 10 ஜிபி, இஎக்ஸ்டி4
- டேட்டாபேஸ்: 200 ஜிபி, எக்ஸ்எஃப்எஸ்
- மெயில்: 200 ஜிபி, எக்ஸ்எஃப்எஸ்
- ஆபீஸ் ஃபைல்கள்: 1000 ஜிபி, இஎக்ஸ்டி4

கூட்டினால் 1468 ஜிபி. பாதிக்கு மேல் யாருக்கும் கொடுக்காமல் சும்மா கிடக்கிறது. "வாங்கிய டிஸ்கை ஏன் வீணாக்குகிறீர்கள்?" என்று மேனேஜர் கேட்பார். வீணாக்கவில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். எது வேகமாக வளரப் போகிறது என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. மெயில் வளர்ந்தால் மெயிலுக்குப் போகும், டேட்டாபேஸ் வளர்ந்தால் அதற்கு. பெரிய அப்டேட்டுக்கு முன் ரூட், /வார் இரண்டு வால்யூம்களின் ஸ்னாப்ஷாட்டையும் எடுக்க இந்தக் காலி இடம்தான் வேண்டும். அப்டேட் சொதப்பினால் அந்த ஸ்னாப்ஷாட்டுகளுக்குத் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும் முதல் நாளே பங்கு போட்டுக் கொடுத்துவிட்ட சர்வரில் இதற்கெல்லாம் வழியே இல்லை.

ஏன் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்

எந்த டிஸ்கில் இருந்தாலும் எல்லாம் ஒரே மரத்தில் ஒரு கிளையாகத் தொங்கும் என்பது யூனிக்ஸின் தொடக்க காலத்து ஏற்பாடு. பெல் லேப்ஸ் 1971இல் வெளியிட்ட முதல் கையேட்டிலேயே, அப்படி ஒரு கிளையாகத் தொங்கவிடும் மவுன்ட் இருக்கிறது. டிஸ்க் சின்னதாக இருந்த அந்தக் காலத்தில் இடம் போதாமல் பிரித்தார்கள். இன்று நாம் பிரிப்பது ஒன்று நிரம்பினால் அதோடு நிற்கட்டும், மற்றதை முடக்க வேண்டாம் என்பதற்காக.

ஒரு புரோகிராம் ராத்திரி முழுக்க எரர் எழுதித் தள்ளுகிறது. லாக்கும் டேட்டாபேஸும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் விடிவதற்குள் டேட்டாபேஸ் நின்றிருக்கும். எந்த மாற்றத்தையும் முதலில் தன் வால் லாகில் எழுதிவிட்டுத்தான் போஸ்ட்கிரெஸ் மேலே போகும். அதற்கு இடம் இல்லையென்றால் தொடர்வது ஆபத்து என்று தானாகவே நின்றுவிடும். லாக் தனி வால்யூமில் இருந்தால் லாக் மட்டும் எழுதப்படாமல் போகும், பில் போடும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

அதற்காக இருபது துண்டாக வெட்ட வேண்டாம். தானாக வளரக்கூடியவற்றை மட்டும் பிரியுங்கள்: /வார், லாக், டேட்டாபேஸ், மெயில், ஊழியர்களின் ஃபைல்கள். மற்றதெல்லாம் ரூட்டிலேயே இருக்கட்டும்.

நிரம்பும் முன்பே வேகம் குறையும் என்பதும் பழைய பாடம்தான். மெக்கூசிக், பில் ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நால்வரும் பெர்க்லியின் வேகமான ஃபைல் சிஸ்டத்தை 1984இல் கட்டுரையாக விவரித்தார்கள். முந்தையதைவிடப் பத்து மடங்குவரை வேகம். ஒரு ஃபைலின் பிளாக்குகளை டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது அதன் முக்கியமான உத்தி. பக்கத்தில் வைக்கக் காலி இடம் வேண்டுமே, அதற்காகப் பத்து சதவீதத்தை ஒதுக்கி வைத்தார்கள். இஎக்ஸ்டி4 இன்றும் ஐந்து சதவீதத்தை ரூட் யூசருக்கு என்று ஒதுக்குகிறது. ரூட்டிலும் /வாரிலும் அதை அப்படியே விடுங்கள், டிஸ்க் நிரம்பிய நேரத்தில் நாம் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த இடம் உதவும். ஆயிரம் ஜிபி ஆபீஸ் வால்யூமில் அது 50 ஜிபி ஆகிறது. அங்கே ட்யூன்2எஃப்எஸ் வைத்து ஒரு சதவீதமாக்கலாம். இது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய முடிவு.

இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லை

மெயிலுக்கு ஏன் எக்ஸ்எஃப்எஸ்? காரணம் ஐநோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஐநோடு வேண்டும். சொந்தக்காரர் யார், அனுமதி என்ன, டேட்டா எந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இஎக்ஸ்டி4 ஃபார்மட் செய்யும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்துவிடும், வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். மெயில்டிர் முறையில் ஒரு மெயில் என்பது ஒரு ஃபைல். மூன்று, நான்கு கிலோபைட் மெயில்களாகக் குவிந்தால் டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். "இடம் இல்லை" என்ற எரர் வரும், டிஎஃப் அடித்தால் இடம் இருக்கும். டிஎஃப் -ஐ என்று அடித்தால்தான் நூறு சதவீதம் தெரியும். வால்யூமைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் ஐநோடும் கூடும், ஆனால் அந்த விகிதத்தை மாற்ற மறுபடி ஃபார்மட் செய்வதைத் தவிர வழி இல்லை. எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு நிறுவனத்திலிருந்து ராத்திரி அழைத்தார்கள். "50 ஜிபி வால்யூம் ஃபுல் என்கிறது சார், பெரிய லாக் ஃபைலை அழித்தோம், அப்படியும் இடம் வரவில்லை" என்றார் டூட்டியில் இருந்த தம்பி. டிஎஃப் நூறு சதவீதம் காட்டியது. டியூ எல்லா ஃபோல்டரையும் கூட்டி 12 ஜிபிதான் என்றது. மீதி 38 ஜிபி எங்கே?

எல்எஸ்ஓஎஃப் கமாண்டை +எல்1 என்று சேர்த்து அடிக்கச் சொன்னேன். ஒரே ஒரு ஜாவா புரோகிராம், அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு, பிரம்மாண்டமான ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தது. யூனிக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் டைரக்டரியிலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். எல்லாப் பெயர்களும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புரோகிராமும் மூடிய பிறகுதான் பிளாக்குகள் திரும்பி வரும். பெயர் போய்விட்டதால் டியூவுக்கு அது தெரியவில்லை. பிளாக்குகள் இருந்ததால் டிஎஃப் கணக்கில் வந்தது. அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்ததும் 38 ஜிபியும் வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் லாகை அழிக்காமல் ட்ரங்கேட் கமாண்டால் காலி செய்தால் இந்தப் பிரச்சினையே வராது. லாக்ரொட்டேட்டை முதல் நாளே சரியாக எழுதிவைத்தால் ராத்திரி அழைப்பும் வராது.

எஃப்எஸ்டேப் என்ற சின்ன ஃபைல்

எந்த ஃபைல் சிஸ்டம் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபைல் இது. ஒரு வரிக்கு ஆறு பத்திதான், ஆனால் சர்வர் எழுந்திருப்பதும் எழாததும் இதன் கையில்.

தனியாகச் செருகும் டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் எழுதாதீர்கள். கேபிள் மாறினால், புது டிஸ்க் சேர்ந்தால் அந்தப் பெயர்கள் இடம் மாறும். யூயூஐடியை எழுதுங்கள். அது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே இருப்பதால் எங்கே செருகினாலும் மாறாது.

பேக்கப்புக்கு வெளி டிஸ்க் செருகியிருந்தால் அந்த வரியில் நோஃபெயில் சேருங்கள். இல்லாவிட்டால் அந்த டிஸ்க் இல்லாத நாளில் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். நோஃபெயில் போட்டதும் வேறொரு ஆபத்து வருகிறது. டிஸ்க் மவுன்ட் ஆகாமலேயே சர்வர் எழுந்துவிடும், பேக்கப் ஸ்கிரிப்ட் அது தெரியாமல் வெறும் ஃபோல்டருக்குள், அதாவது ரூட் வால்யூமிலேயே எழுத ஆரம்பிக்கும். 30 ஜிபி ரூட் எவ்வளவு நேரம் தாங்கும்? மருந்து எளிது. டிஸ்கை மவுன்ட் செய்யும் முன் அந்தக் காலி ஃபோல்டருக்கு சாட்டர் கமாண்டில் +ஐ கொடுத்துவிடுங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில் ரூட் யூசர்கூட அதற்குள் எழுத முடியாது. ஸ்கிரிப்ட் எரர் காட்டி நிற்கும், நமக்கும் விஷயம் தெரியவரும்.

ஃபைலைத் திருத்திய பின் ஃபைண்ட்மவுன்ட்டை --வெரிஃபை சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழைகளை அங்கேயே காட்டிவிடும்.

இசட்எஃப்எஸ் எடுத்தால்?

இசட்எஃப்எஸ் சன் நிறுவனத்தில் பிறந்தது. 2005இல் ஓப்பன் சோலாரிஸ் வழியாக வெளியே வந்து, 2008இல் ஃப்ரீபிஎஸ்டி 7.0இல் சேர்ந்தது. ரெய்டு, வால்யூம், ஃபைல் சிஸ்டம் மூன்றும் ஒன்றிலேயே இருக்கின்றன. எல்லா டேட்டாசெட்டும் ஒரே பூலின் இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வெறும் கோட்டாவாகிவிடுகிறது. கூட்டலாம், குறைக்கலாம், எந்த நேரத்திலும். ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் இருப்பதால், மிரரின் இரண்டு பிரதிகள் ஒத்துப்போகாதபோது எது சரி என்று அதற்குத் தெரியும், தப்பானதைத் தானே திருத்தும். எம்டிஆட்ம் மிரரால் இரண்டும் வேறு என்றுதான் சொல்ல முடியும், எது சரி என்று சொல்ல முடியாது. ஃப்ரீபிஎஸ்டி தெரிந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திருத்த முடியாதவை இங்கேயும் உண்டு. செக்டார் அளவைச் சொல்லும் ஆஷிஃப்ட்டை, 4096 பைட்டுக்கு 12 என்று, முதலிலேயே சரியாகக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி ரெய்டு) இருக்கும் பூலில் யாராவது அவசரத்தில் ஒற்றை டிஸ்கை ஆட் செய்துவிட்டால் அதை வெளியே எடுக்கவும் முடியாது. அந்த ஒரு டிஸ்க் போனால் பூல் மொத்தமும் போகும். அதனால் ஆட் கமாண்டை முதலில் -என் போட்டு ஓட்டி, என்ன ஆகப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நிஜமாக அடிக்க வேண்டும்.

ஒப்படைக்கும் முன்

எல்லாம் ஓடுகிறது என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். டேட்டா ஏறுவதற்கு முன்பு மட்டுமே பயமில்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

முதலில் சர்வரை முழுதாக ரீபூட் செய்து, யாரும் தொடாமல் எல்லா வால்யூமும் மவுன்ட் ஆகின்றனவா என்று பாருங்கள். பிறகு அணைத்துவிட்டு, முதல் டிஸ்கைக் கழற்றி, இரண்டாவதை மட்டும் வைத்துக் கிளப்புங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மறந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். திரும்ப அணைத்து, டிஸ்கை மாட்டி, எம்டிஆட்ம் வழியாக மிரரில் சேர்த்துவிட்டு, எம்டிஸ்டாட்டில் ரீபில்ட் சதவீதம் ஏறுவதைக் கவனியுங்கள். முழு டிஸ்கையும் புதிதாக எழுத வேண்டி வந்தால், நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நான்கு டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிஜமாக டிஸ்க் போகும் நாளில் எவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் நிற்கப் போகிறோம் என்பதற்கு அதுதான் கணக்கு. ஒரு ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்து, திறந்தும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

கடைசியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதி, அதை சர்வருக்கு வெளியே வையுங்கள். எந்த டிஸ்க் எந்த சீரியல் நம்பர், எந்த ஸ்லாட், ஒவ்வொரு வால்யூமுக்கும் ஏன் அந்த அளவு, எவ்வளவு காலியாக விட்டிருக்கிறது, ஏன் விட்டிருக்கிறது என்று. நான்கு வருடம் கழித்து ஒரு டிஸ்கில் சிவப்பு விளக்கு எரியும்போது அங்கே வேறு யாரோ இருப்பார்கள். எந்த டிஸ்கை உருவ வேண்டும் என்பதை அவர்கள் ஊகிக்கும் நிலையில் விடக் கூடாது. தப்பான டிஸ்கை உருவினால் அதையும் திருத்த முடியாது.